பாடச்சுமையும் தன்படிப்பும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

பத்தாம் வகுப்பைத் தாண்டி மேல்நிலை வகுப்பில் அடியெடுத்து வைக்கும் பிள்ளைகளைப் பாராட்டுவதற்காக இம்மேடை அமைக்கப்பட்டுள்ளது. பாராட்டும் பரிசும் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். அதன் பின்னர் வரும் இரண்டு ஆண்டுகள்தாம் நீண்டவை. அந்த இரண்டு ஆண்டுகளில் பிள்ளையின் தலைமீது எவ்வளவு பாடத்தை ஏற்றலாம், தானே அமர்ந்து படிப்பதற்கு அவனுக்கு எவ்வளவு நேரத்தை விட்டுவைக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சில செய்திகளைப் பகிர்ந்து கொள்ள விரும்புகிறோம். இது படிப்பவர்களுக்கு மட்டும் சொல்லப்படும் செய்தி அன்று. கட்டணம் செலுத்துபவர்களும் கேட்க வேண்டிய செய்தி.

சுமை எவ்வாறு கூடியது?

நம்மில் பலர் பன்னிரண்டாம் வகுப்பை 1200 மதிப்பெண் காலத்தில் எழுதியவர்கள். இன்று ஆறு பாடங்கள், பாடத்திற்கு 100 வீதம் மொத்தம் 600. மதிப்பெண் பாதியாகக் குறைந்ததால் சுமையும் பாதியாகிவிட்டது என்று எவரேனும் எண்ணினால் அது தவறான கணக்கு. 2018-19இல் பதினொன்றாம் வகுப்பிற்கும், அடுத்த ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பிற்கும் வந்த புதிய பாடநூல்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். இயற்பியலும் வேதியியலும் இவ்விரண்டு தொகுதிகளாக இருக்கின்றன.

பாடநூலோடு நிற்கவில்லை. மருத்துவம் பயில 2017ஆம் ஆண்டு முதல் நமது மாநில மாணவர்களும் நீட் தேர்வின் வழியாகவே செல்கின்றனர். 2025ஆம் ஆண்டில் அத்தேர்வு 180 நிமிடங்களில் 180 வினாக்கள் என்ற அளவில் நடந்தது. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. தெரியாததை ஊகித்துக் குறித்தால் கையில் இருப்பதும் போகும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவற்றை நாடுவோருக்கு ஜே.ஈ.ஈ. என்னும் தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களை நாடுவோருக்கு 2022 முதல் இளநிலைப் படிப்பிற்கும் பொது நுழைவுத் தேர்வு. இவற்றில் இரண்டையோ மூன்றையோ ஒரே பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பிலும் முதலிடம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

மற்றொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள். 2018இல் தொடங்கிய பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டுள்ளது. பிள்ளைகள் மூச்சு விட இது நல்ல வாய்ப்பு. ஆனால் ‘பொதுத்தேர்வு இல்லை’ என்பதைப் ‘படிக்க வேண்டியதில்லை’ என்று பொருள் கொண்டால் ஆபத்து. நீட், ஜே.ஈ.ஈ. ஆகிய தேர்வுகளின் வினாக்கள் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வருகின்றன. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலை விட்டுவிட்டுப் பன்னிரண்டிற்குச் செல்பவன், அடித்தளம் போடாமல் மாடி கட்டுபவனைப் போன்றவன்.

ஒரு நாளின் வரவு செலவு

வணிகம் செய்யும் சகோதரர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். கடையின் வரவு செலவைப் பைசா சுத்தமாகப் பார்ப்பவர்கள், பிள்ளையின் நாளுக்கும் அதே கணக்கைப் பாருங்கள்.

ஒரு நாளுக்கு 24 மணி நேரம். வளரும் பிள்ளைக்கு எட்டு மணி நேரத் தூக்கம் தேவை. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பினால் பள்ளிக்கு ஒன்பது மணி நேரம். குளியல், உணவு, தொழுகை, சற்று ஓய்வு, வீட்டிற்குச் சிறு உதவி என மூன்று மணி நேரம். ஆக இருபது மணி நேரம் செலவு. மீதி நான்கு. தனிப்பயிற்சி வகுப்பிற்குப் போய்வர மூன்று மணி நேரம் கொடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை ஆறு பாடங்களுக்குப் பங்கிட்டால் பாடத்திற்குப் பத்து நிமிடம்!

பத்து நிமிடத்தில் ஒரு பாடத்தை எவரும் தமதாக்கிக் கொள்ள முடியாது. ஆகவே பிள்ளை என்ன செய்கிறான்? தூக்கத்திலிருந்து கடன் வாங்குகிறான். எட்டு ஆறாகிறது, ஆறு ஐந்தாகிறது. மறுநாள் வகுப்பில் கண் சொருகுகிறது. வகுப்பில் விட்டதைப் பிடிக்க மேலும் ஒரு பயிற்சி வகுப்பு சேர்க்கப்படுகிறது. கடனை அடைக்க மறுபடியும் கடன் வாங்கும் கதைதான் இது.

நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தையார் ஒரு நாள் இஷாவுக்குப் பின்னர் நம்மிடம் வந்தார். பத்தாம் வகுப்பில் நன்றாகத் தேறிய தம் மகன் பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் பாதி மதிப்பெண்கூடப் பெறவில்லை என்றும், ‘படிக்கவே மாட்டேன் என்கிறான், ஹஜ்ரத், நீங்கள் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்’ என்றும் வருந்தினார். மகனையும் அழைத்து வரச் சொல்லி, அவனுடைய ஒரு வாரத்தை நேரம் நேரமாக எழுதச் சொன்னோம். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பாடப்பிரிவு. வேலை நாட்களில் மாலையில் மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பொறியியல் நுழைவுத் தேர்வுப் பயிற்சி. ‘இரண்டில் ஒன்றாவது கிடைக்கட்டும்’ என்பது தந்தையின் எண்ணம். எழுதி முடித்த தாளைப் பார்த்தபோது, எவரும் பாடம் நடத்தாமல் அவன் தானே புத்தகத்தோடு அமர்ந்திருந்த நேரம் நாளொன்றுக்கு நாற்பது நிமிடம்கூட இல்லை. அத்தாளைத் தந்தையின் கையில் கொடுத்தோம். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, ‘இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?’ என்றார். ‘பணம் கட்டிவிட்டீர்களே, அத்தா’ என்றான் அவன்.

அந்த ஒரு சொல்லில் எத்தனையோ இல்லங்களின் நிலை அடங்கியிருக்கிறது. பிள்ளை சோம்பேறி அல்லன். கட்டிய பணம் வீணாகிவிடுமே என்று அஞ்சி வாய் திறவாதிருந்தான். பின்னர் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நிறுத்தப்பட்டது. அரையாண்டுத் தேர்வில் அவன் முதலிடம் வந்துவிடவில்லை. ஆனால் இயற்பியல் தேறியது, முகம் தெளிந்தது, இரவில் உறங்கினான்.

மதரஸா கற்றுத்தந்த முறை

மார்க்கக் கல்வி பயின்ற நமக்கு மேல்நிலைப் பாடங்களைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் எண்ணக்கூடும். வேதியியல் சமன்பாட்டை நம்மால் விளக்க முடியாதுதான். ஆனால் கனமான நூல்கள் பலவற்றை ஒரே ஆண்டில் எவ்வாறு பயில்வது என்பது மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாகப் பழகிவரும் கலை.

மதரஸாவில் ஒரு பாடத்திற்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது ‘முதாலஆ’. நாளை நடக்கவிருக்கும் பாடத்தை மாணவன் இன்றிரவே தானாகப் படித்து, எது விளங்குகிறது, எது விளங்கவில்லை என்று குறித்துக் கொள்வான். இரண்டாவது ‘சபக்’. உஸ்தாத் அவர்கள் பாடம் நடத்துவார்கள். விளங்காத இடம் வரும்போது மாணவனின் காது தானாகக் கூர்மையாகும். மூன்றாவது ‘தக்ரார்’. பாடம் முடிந்த பின்னர் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் உஸ்தாதைப் போலப் பாடத்தைத் திரும்ப நடத்த, மற்றவர்கள் கேட்டுத் திருத்துவார்கள். கவனியுங்கள், மூன்று படிகளில் ஒன்றுதான் ஆசிரியருடையது. மற்ற இரண்டும் மாணவனுடையவை.

குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைகளைப் பாருங்கள். அன்றைய புதுப் பாடம், அண்மையில் முடித்த பகுதி, முன்னரே முடித்த பழைய பகுதி என்று மூன்றையும் அன்றாடம் ஒப்புவிக்கிறார்கள். பழையதைத் திரும்ப ஓதும் ‘தவ்ர்’ நின்றுவிட்டால் மனனம் கழன்றுவிடும் என்பது பத்து வயதுச் சிறுவனுக்கும் தெரியும். அதே பிள்ளை பள்ளியில் ஜூன் மாதப் பாடத்தை மார்ச் மாதம் வரை திறந்தே பார்ப்பதில்லை!

இன்றைய உளவியல் ஆய்வுகளும் இதையே உறுதி செய்கின்றன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் மேற்கொண்ட ஆய்வு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தனர். ஒரு சாரார் அதையே மீண்டும் படித்தனர். மற்றொரு சாரார் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை மாறியது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும், மீண்டும் மீண்டும் படித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர். படித்த உடனே ‘எல்லாம் தெரிகிறது’ என்று மனம் சொல்வதை நம்பிவிடக் கூடாது என்பதே இதன் பாடம். பார்த்துப் படிப்பதைவிட ஒப்புவித்தலே மேலானது.

எதைக் குறைப்பது? எதைக் காப்பது?

மாணவச் செல்வங்களே! பாடச்சுமையும் தன்படிப்பும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. ஆயினும் சுமை கூடும்போது முதலில் பலியாவது தன்படிப்புதான். ஆகவே முதலில் தன்படிப்பிற்குரிய நேரத்தை ஒதுக்கி வேலி போடுங்கள். எஞ்சிய இடத்தில் மட்டும் பயிற்சி வகுப்பை வையுங்கள். அதற்குச் சில வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, குறிக்கோள் வாசல் ஒன்றாக இருக்கட்டும். மருத்துவம் என்றால் நீட். நமது மாநிலப் பொறியியல் கல்லூரிகள் என்றால் தனி நுழைவுத் தேர்வே வேண்டியதில்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை 200க்குக் கணக்கிட்டே அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் இடம் வழங்கப்படுகிறது. இதை அறியாமல் தேவையற்ற பயிற்சிக்குப் பணம் கட்டுவோர் உண்டு. வணிகவியல், கலைப் பாடங்களில் ஆர்வமுள்ள பிள்ளையை ஊருக்காக முதல் பிரிவில் சேர்ப்பதும் இத்தகைய வீண் சுமையே.

இரண்டாவது, ஒரு மணி நேரம் கேட்ட பாடத்திற்கு ஒரு மணி நேரமாவது தானே அமர வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் வகுப்பைக் குறையுங்கள். முன்னர் சொன்ன கணக்கையே பாருங்கள். வாரத்தில் ஐந்து நாளும் பயிற்சிக்குச் சென்றால் அந்த ஐந்து நாட்களில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம். மூன்று நாள் மட்டும் சென்றால் பதினொரு மணி நேரம் மிஞ்சும். வாரத்திற்கு ஆறு மணி நேரம் அதிகம். நாற்பது வாரத்தில் 240 மணி நேரம்! எந்தப் பயிற்சி நிலையமும் விற்க முடியாத சரக்கு அது.

மூன்றாவது, பள்ளிப் பாடமும் நுழைவுத் தேர்வும் இரு வேறு உலகங்கள் என்று எண்ணாதீர்கள். மாநிலப் பாடநூலில் ஒரு பாடத்தை முடித்தவுடன், என்.சி.ஈ.ஆர்.டி. நூலில் அதே பாடத்தை வாசித்து, வேறுபடும் செய்திகளை மட்டும் ஓரத்தில் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு அதே பாடத்தின் முந்தைய ஆண்டு வினாக்களைப் போடுங்கள். ஒரே உழைப்பில் இரு தேர்வுக்கும் ஆயத்தமாகலாம். இரு நூல்களும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன.

நான்காவது, தவறுகளுக்கென்று ஒரு குறிப்பேடு வைத்துக் கொள்ளுங்கள். எந்த வினாவில் தவறினோம், ஏன் தவறினோம், சரியான வழி எது என்று மூன்று வரி போதும். வெள்ளிக்கிழமைதோறும் அதைப் புரட்டுங்கள். இன்று படித்ததை நாளையும், ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும் புத்தகத்தை மூடி எழுதிப் பாருங்கள். இதுவே உங்கள் தவ்ர்.

ஐந்தாவது, மனம் தெளிவாக இருக்கும் வேளையைக் கடினமான பாடத்திற்குக் கொடுங்கள். சுபுஹுக்குப் பிந்திய ஒரு மணி நேரத்தில் கணிதமோ இயற்பியலோ செய்யலாம். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் தக்ராருக்கு ஏற்றது. அவ்வேளைகளில் கைப்பேசி உங்கள் அறையில் இருக்க வேண்டாம். தாயாரிடம் ஒப்படைத்து விடுங்கள். காணொலியில் பாடம் கேட்பதும் கேட்பதுதான், அது தன்படிப்பாகிவிடாது.

ஆறாவது, தூக்கத்தில் கை வைக்காதீர்கள். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பகலில் கற்றது நினைவில் ஊன்றுவது உறக்கத்தில்தான். விழித்திருந்து படித்தோம் என்பது பெருமைக்குரியதன்று.

பெற்றோர்களுக்கும் ஜமாஅத்துக்கும்

பெற்றோர்களே! ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி நிலையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 16 வயதிற்குக் குறைந்தவர்களைச் சேர்க்கலாகாது, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் வகுப்பு நடத்தலாகாது, பள்ளி நேரத்தில் வகுப்பு வைக்கலாகாது என்பன அவற்றுள் சில. எட்டாம் வகுப்பிலேயே பிள்ளையைச் சேர்க்கச் சொல்லி வரும் விளம்பரங்களைக் கண்டு மயங்காதீர்கள். பெயருக்கு ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டு நாள் முழுவதும் பயிற்சி நிலையத்தில் அமர்த்தும் வழக்கத்திற்கும் துணை போகாதீர்கள்.

அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றை அறிந்து கொள்ளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்காக என்று இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றுமுன் இதை நிதானமாக எண்ணிப் பாருங்கள்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். அண்ணன் படிக்கும்போது வீடு அமைதி காக்கிறது. தங்கை படிக்க அமரும்போதோ பாத்திரம் கழுவ அழைக்கப்படுகிறாள். இருவருக்கும் பாடம் ஆறுதான், தேர்வும் ஒன்றுதான். மகளின் நாளையும் அதே தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள். அடுப்படிக்குப் போகும் ஒரு மணி நேரத்தை வீட்டிலுள்ள ஆண்மக்களும் பங்கிட்டுக் கொண்டால், அவளுடைய தன்படிப்பு இரு மடங்காகும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் நமது கோரிக்கை ஒன்றுண்டு. இரண்டு அறைகளில் ஆறு பேர் வாழும் இல்லங்கள் நம்மிடையே பல. அமர்ந்து படிக்க ஓர் இடமில்லாத பிள்ளையிடம் ‘தானே படி’ என்று சொல்வது எளிது. மக்ரிப் முதல் இரவு ஒன்பதரை மணி வரை மதரஸாக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை மாணவர்களுக்கும் மேல்தளத்தை மாணவியருக்கும் திறந்து வையுங்கள். நல்ல விளக்கும், சில மேசைகளும், இரண்டு வகுப்புப் பாடநூல்களும், என்.சி.ஈ.ஆர்.டி. நூல்களும் போதும். கல்லூரியில் பயிலும் நம் மூத்த பிள்ளைகள் முறை வைத்து வாரம் ஒரு நாள் வந்தமர்ந்து ஐயம் தீர்க்கட்டும். இதற்கு ஆகும் செலவு நாம் ஒரு விருந்துக்குச் செய்யும் செலவைவிடக் குறைவு.

இறுதியாக ஒரு செய்தி. மதிப்பெண் குறைந்துவிட்டால் வாழ்வே முடிந்துவிட்டது என்று எண்ணி, திரும்பி வர முடியாத முடிவுக்குச் சென்ற மாணவர்களைப் பற்றிய செய்திகளை ஆண்டுதோறும் தேர்வுக் காலத்தில் நாளிதழ்களில் படிக்கிறோம். அந்த இல்லங்களிலும் பாசமான பெற்றோர்தாம் இருந்தனர். பிள்ளை பேச்சைக் குறைத்துக் கொண்டாலோ, உணவில் நாட்டமிழந்தாலோ, இரவெல்லாம் விழித்திருந்தாலோ அதை அடம் என்று கொள்ளாமல் அருகில் அமர்ந்து கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் 14416, 104 ஆகிய எண்களில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். மருத்துவரை நாடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் பெற்றோர் பணம் கட்டிவிட்டார்கள் என்பதற்காக வாய் மூடி இருக்காதீர்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள். எங்கே முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெற்றோர்களே! அவ்வாறு சொல்லும் பிள்ளையைக் கோபிக்காதீர்கள். இன்றிரவு இல்லம் திரும்பியதும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பிள்ளையோடு அமர்ந்து, அவனுடைய, அவளுடைய ஒரு வாரத்தை எழுதுங்கள். எவரும் பாடம் நடத்தாத நேரம் எவ்வளவு இருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். அதில் வரும் விடையே அடுத்து எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதை உங்களுக்குச் சொல்லிவிடும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், உடல் நலத்தையும், மன அமைதியையும் வல்ல இறைவன் வழங்கியருள்வானாக! வஸ்ஸலாம்.